இறந்தவர் வீட்டுத் துப்பாக்கிகள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அரசியல் சட்டத்தின் பெரிய கேள்வி ஒன்றை எடுத்துப் பேசுவதுதான் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அளவில் சிறியது. துப்பாக்கி உரிமம் வைத்திருந்த ஒருவர் காலமாகிவிடுகிறார். வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. சில பழைய குடும்பங்களில் அதற்கு மேலும் இருக்கும். அவற்றை விற்றுவிடலாம் என்று வாரிசுகள் நினைக்கிறார்கள். வாங்கிக்கொள்ள ஒருவர் வருகிறார். இந்த விற்பனை சட்டப்படி எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் என் பொருள்.

ஏன் இதை எடுத்தேன் என்றால், குற்றம் செய்யும் எண்ணம் துளியும் இல்லாத மனிதர்கள் குற்றவாளிக் கூண்டு வரைக்கும் போய்விடக்கூடிய இடம் இது. கணவரை இழந்த பெண், வெளிநாட்டிலிருந்து காரியத்துக்கு வந்த மகன், நல்ல விலைக்கு நல்ல துப்பாக்கி கிடைக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிட்ட நண்பர் ஆகியோர்தான் இங்கே சிக்குகிறவர்கள். அவர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டிய நாமும் இந்தச் சட்டத்தை அதிகம் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆயுதச் சட்டம் என்றாலே ரவுடி வழக்கு, நாட்டு வெடிகுண்டு, ஜாமீன் மனு என்றுதான் நம் மனம் போகிறது.

பழைய வீடுகளில் இப்படிப்பட்ட துப்பாக்கித் தொகுப்புகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பார்த்துவிடலாம். நீலகிரி, வால்பாறை, மேகமலை போன்ற தோட்டப் பகுதிகளில் வெள்ளைக்கார துரைமார் வைத்திருந்தவை அவர்கள் ஊர் திரும்பியபோது இங்கிருந்தவர்களிடம் கைமாறின. ஜமீன் குடும்பங்களிலும் பெரிய மிராசு வீடுகளிலும் ஷிகார் என்னும் வேட்டை ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஷிகாருக்கு வழியில்லாமல் போயிற்று. ஆனால் துப்பாக்கிகள் தோல் பெட்டிக்குள் எண்ணெய் பூசிப் பத்திரமாக இருந்தன. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நடைமுறையில் ஏறக்குறைய அடைபட்டுவிட்டதால், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்லி அண்ட் ஸ்காட் போன்ற பெயர் பொறித்த பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்கு இங்கே மவுசு குறையவில்லை. அப்படி ஒன்றை வாங்க ஆசைப்படுகிறவருக்கு அது பெரும்பாலும் காலமான ஒருவரின் வீட்டிலிருந்துதான் கிடைக்கும். அதனால் இந்த விற்பனை அபூர்வமான ஒன்றல்ல.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் இருந்தது வைஸ்ராய் லிட்டன் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தியர்களை நிராயுதபாணிகளாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்த சட்டம் அது. அந்த அவமானம் நம் தலைவர்கள் மனத்தில் ஆழமாகத் தைத்திருந்தது. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. ஆனால் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அந்த உரிமைக்காகக் கொண்டுவந்த திருத்தம் ஏற்கப்படவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் உள்ளது போன்ற ஆயுத உரிமை நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்பதை 2023-இல் உரிமமற்ற துப்பாக்கிகள் பற்றித் தாமாக முன்வந்து விசாரணை எடுத்தபோது உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசு ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்து, விசாரித்து, அவருக்கு மட்டும் கொடுக்கும் அனுமதி. மற்ற எல்லா விதிகளும் இந்த ஒரே கருத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

உரிமம் ஆளோடு ஒட்டியது. ஆள் போனால் அதுவும் போயிற்று. துப்பாக்கி அப்படி அல்ல. அது ஓர் அசையும் சொத்து. உயில் எழுதலாம், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி இறங்கும். ஆக, இறந்த மறுநிமிடம் அந்த வீட்டில் விசித்திரமான நிலை உண்டாகிறது. துப்பாக்கி வாரிசுக்குச் சொந்தம். ஆனால் அதைத் தன் கைவசம் வைத்திருக்க அவருக்கு உரிமை இல்லை. ஒருவர் இறந்தால் அவருடைய காரை மகன் வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு ஆர்.சி. புத்தகத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். துப்பாக்கியில் அந்தச் சலுகை இல்லை.

கைவசம் என்றால் கையில் பிடித்திருப்பது மட்டுமல்ல. குன்வந்த்லால் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற 1972-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஆயுதம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அதன் மீது ஆளுகை இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால், உடலோடு ஒட்டி இல்லாவிட்டாலும் அது கைவசமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பாவின் பீரோவில் துப்பாக்கி இருப்பது தெரியும், சாவி தன்னிடம் இருக்கிறது என்னும் நிலையில் உள்ள மகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

இதற்குச் சட்டம் காட்டும் வழி 21-ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமம் காலாவதி ஆனதாலோ, ரத்து ஆனதாலோ, வேறு எந்தக் காரணத்தாலோ கைவசம் சட்டப்படி செல்லாததாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அந்த ஆயுதத்தையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமும் ஒப்படைக்கலாம். 'வேறு எந்தக் காரணத்தாலோ' என்ற சொற்களுக்குள் மரணம் அடங்கும். தேவையற்ற தாமதம் என்பதற்குச் சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து போய் ஒப்படைத்தவரை எந்த நீதிமன்றமும் குறை சொல்லாது என்பது என் எண்ணம். ஆண்டுத் திதி வரை பீரோவிலேயே வைத்திருந்தவருக்கு அந்த உறுதியை நான் கொடுக்க மாட்டேன். 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்கத் தவறுவது 25-ஆம் பிரிவின் கீழ்ச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போது, அவருடைய எழுத்து அனுமதியோடு பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் செல்ல 3-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. அவர் இறந்த பிறகு அந்த அனுமதிக்கு உயிர் இல்லை. ஆகையால் மகன் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டோ, கார் டிக்கியில் போட்டுக்கொண்டோ ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. முதலில் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். இறப்பைச் சொல்லி, துப்பாக்கியின் விவரங்களையும் உரிம எண்ணையும் குறிப்பிட்டு, ஒப்படைக்க விரும்புவதாக எழுதி, நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்க வேண்டும். காவலரை வீட்டுக்கு அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அந்தக் கடிதம்தான் அந்தக் குடும்பத்தின் கவசம். தமிழ்நாட்டில் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கிகளை ஒப்படைப்பது நமக்குப் பழக்கமானது. பெரியவர் கடைசித் தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்காமலே போயிருக்கலாம். வீட்டில் தேடி இல்லாத துப்பாக்கி பல நேரம் ஸ்டேஷன் அறையில் பெயர்ச் சீட்டோடு கிடக்கும்.

இனி விற்பனைக்கு வருகிறேன். என் பேச்சின் மையம் இதுதான். இங்கேதான் நம் வழக்கறிஞர்கள் அதிகம் வழுக்குகிறார்கள்.

5-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு எல்லோருக்கும் தெரியும். சொந்த உபயோகத்துக்குத் தான் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, வணிகர் உரிமம் இல்லாமலே, வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கும் எண்ணத்தையும் வாங்குபவர் பெயர் முகவரியையும் மாவட்ட நடுவராகிய கலெக்டருக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கழிந்திருக்க வேண்டும். எனவே, இறந்தவர் மனைவியின் பெயரில் ஒரு 45 நாள் நோட்டீஸ் தயாரித்து அனுப்பிவிட்டு, நாள் முடிந்ததும் வாங்குபவர் வந்து எடுத்துக்கொண்டு போவது என்று பலர் ஏற்பாடு செய்கிறார்கள்.

என் வாசிப்பில் அது தவறான வழி. அந்த உட்பிரிவு யாருக்குப் பொருந்தும்? சட்டப்படி தன் கைவசம் வைத்திருப்பவருக்கு. உரிமம் இல்லாத மனைவி சட்டப்படி வைத்திருப்பவர் அல்லர். அவர் பெயரில் அனுப்பும் நோட்டீஸ், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று கலெக்டருக்கே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் ஆகிவிடும். வாரிசுக்கான கதவு 21-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. ஒப்படைத்தவரோ, அவர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான பிரதிநிதியோ, விதிக்கப்பட்ட காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். தானே உரிமம் பெற்று ஆயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது தகுதியுள்ள ஒருவருக்கு விற்கவோ, விற்க அதிகாரம் கொடுக்கவோ செய்து, பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். ஆக, வரிசை இதுதான்: முதலில் ஒப்படைப்பு, பிறகு விற்பனை. துப்பாக்கி காவல் நிலையத்தின் அல்லது வணிகரின் பொறுப்பில் இருக்கும்போதே விற்பனை முடிந்து, அங்கிருந்து நேராக வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். வாரிசின் வீட்டுக்கு அது திரும்பவே வேண்டியதில்லை. காலக்கெடுவுக்குள் எதுவும் செய்யாவிட்டால் அரசுக்குப் பறிமுதல். அதற்கு முன் காரணம் கேட்டு 30 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸுக்குப் பதில் சொல்லாமல் விட்டு, தாத்தா காலத்துத் துப்பாக்கியை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். ஊரில் பழைய முகவரிக்கு வந்த தபாலை வாங்கிப் பிரிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

விற்க அதிகாரம் யாருக்கு என்பதிலும் கவனம் தேவை. தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் அந்தத் துப்பாக்கிக்குப் பங்குதாரர்கள். மூத்த மகன் ஒருவரே கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டு, பிறகு அமெரிக்காவில் இருக்கும் தங்கை ஆட்சேபம் எழுப்பினால், வாங்கியவர் பாடு திண்டாட்டம். எல்லா வாரிசுகளின் எழுத்து ஒப்புதலும் வேண்டும். உயில் இருந்தால் அதன் நகலும் வேண்டும்.

தொகுப்பை மொத்தமாக வாங்குவது பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 'ஐந்து துப்பாக்கி இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே விலைக்குப் பேசி முடித்துவிடுகிறேன்' என்பார்கள். நம் சட்டத்துக்குத் தொகுப்பு என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு மனிதர், அவர் பெயரில் எழுதப்பட்ட ஒரு துப்பாக்கி. 1983-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவருக்கு மூன்று என்று வரம்பு வைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்த மசோதா அதை ஒன்றாகக் குறைக்க முனைந்தது. எதிர்ப்பு எழவே இரண்டு என்று நிறைவேறியது. 2019 டிசம்பர் 14 முதல் அது நடைமுறையில் உள்ளது. பரம்பரைச் சொத்து என்ற அடிப்படையில் உரிமம் கொடுக்கும்போதும் இரண்டு என்ற வரம்பை மீறக் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவரால் எவ்வளவு அருமையான துப்பாக்கியானாலும் மூன்றாவதாக வாங்க முடியாது. ஒன்றை முறைப்படி விற்று இடத்தைக் காலி செய்தால்தான் வழி.

இந்த வரம்புக்கு வெளியே நிற்பவர்கள் சிலர் உண்டு. உரிமம் பெற்ற ஆயுத வணிகர் அவர்களில் முதல்வர். ஆகவே ஒரு தொகுப்பு சிதறாமல் ஒரே கைக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கை பெரும்பாலும் வணிகருடையதாகத்தான் இருக்கும். விலை குறைவாகத்தான் கேட்பார். ஆனால் காகித வேலையைப் பெருமளவு அவரே பார்த்துக்கொள்வார். வயதான ஒரு பெண்மணி தனியாக நின்று கலெக்டர் அலுவலகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடப்பதைவிட அந்தக் குறைந்த விலை எனக்கு நியாயமாகவே படுகிறது. விளையாட்டுத் துப்பாக்கி வீரர்களுக்கு 2020 பிப்ரவரி அறிவிக்கை தனியாக இடம் கொடுத்தது: புகழ்பெற்ற வீரர் என்ற தகுதி ஒரு பிரிவில் இருந்தால் கூடுதலாக 8, இரண்டு பிரிவில் 10, அதற்கு மேல் 12. அவர்களும் தங்கள் விளையாட்டுக்குரிய ரகங்களைத்தான் வாங்கலாம். பழைய ஷிகார் ரைஃபிள்களைச் சேர்த்து வைக்க அது வழியல்ல.

2019 திருத்தம் இறந்தவர் வீடுகளில் ஒரு புதிய ஆபத்தை விட்டுச் சென்றிருக்கிறது. மூன்று துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஓர் ஆண்டுக்குள், அதாவது 2020 டிசம்பர் 13-க்குள், இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதன்பின் 90 நாட்களில் அதன் உரிமம் நீக்கப்படும் என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்று நமக்குத் தெரியும். கொரோனா பொது முடக்கத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத காலம் அது. அந்த மூன்றாவது துப்பாக்கி ஒப்படைக்கப்படாமல் இன்னும் சில வீடுகளில் இருக்கும். உரிமப் புத்தகத்தில் மூன்றும் பதிவாகியிருப்பதைப் பார்த்துவிட்டு வாங்குபவர் ஏமாறக் கூடாது. 2020-க்குப் பிந்திய புதுப்பித்தலில் எவை இரண்டு தொடர்ந்தன என்று பார்க்க வேண்டும். தொடராத மூன்றாவதை எவரும் தொடக்கூட வேண்டாம். வாரிசு அதை உடனே ஒப்படைத்து, நடந்ததை எழுத்தில் சொல்வதே நல்லது.

ரகம் பற்றி ஒரு வார்த்தை. பாயிண்ட் 303 ரைஃபிள், பாயிண்ட் 38 ரிவால்வர், 9 மி.மீ. பிஸ்டல் போன்றவை நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட 'போர்' (குழல் விட்டம்) வகை. டீலர்கள் சுருக்கமாக 'பி.பி.' என்பார்கள். இவற்றுக்கான உரிமம் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. கலெக்டர் கொடுக்க முடியாது. பழைய ராணுவ அதிகாரி வீட்டிலோ தோட்ட பங்களாவிலோ இவற்றில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சாதாரண உரிமம் உள்ளவர் இதை வாங்கினால், அவர் கையில் உரிமம் இருப்பதே பொருளற்றதாகிவிடும். அனுமதியின்றித் தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருப்பதற்கு 2019-க்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு.

இனி துப்பாக்கியையே கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். மேசை மீது ஒரு பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. உரிமப் புத்தகத்தில் 'டி.பி.பி.எல்.' என்று எழுதியிருக்கும். முதலில் அதைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற எல்லாம். முன்கைக் கட்டையைக் கழற்றினால் குழல்கள் தனியே வந்துவிடும். குழல்களைத் திருப்பிப் பிடித்தால், அடிப்பக்கத்துத் தட்டையான பரப்பில் சோதனை முத்திரைகள் பொடிப்பொடியாகத் தெரியும். எண்ணும் அங்கேயே இருக்கலாம்; விசைக் காவல் வளையத்திலிருந்து பின்னால் நீளும் பட்டையிலும் அதே எண் பொறித்திருக்கும். குழலின் எண், இயந்திரப் பகுதியின் எண், உரிமப் புத்தகத்தின் எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். பூதக்கண்ணாடியும் டார்ச்சும் இல்லாமல் இந்த வேலைக்குப் போகக் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? மலை மாவட்டம் ஒன்றில் நான் பார்த்த ஒரு விவகாரத்தில், பல ஆண்டுகளுக்கு முன் பழைய புத்தகத்திலிருந்து புதிய புத்தகத்துக்கு நகல் எடுத்தபோது ஒரே ஓர் இலக்கம் மாறிப்போயிருந்தது. உரிமதாரர் உயிரோடு இருந்தவரை எந்த அலுவலகமும் அதைக் கவனிக்கவில்லை; ஒவ்வொரு புதுப்பித்தலிலும் தவறான எண்ணே மறுபடி எழுதப்பட்டது. அவர் இறந்து, விற்பனைக்கு வந்தபோது, காகிதத்தில் இருந்த துப்பாக்கி உலகில் இல்லை. உலகில் இருந்த துப்பாக்கி காகிதத்தில் இல்லை. இலக்கத்தைத் திருத்தக் கேட்க உரிமதாரரும் இல்லை. முதல் விற்பனையின் பழைய வவுச்சர் ஒன்று பெட்டியின் பச்சைத் துணிக்குக் கீழே கிடைத்ததால்தான் அந்தக் குடும்பம் தப்பியது. எனவே பழைய ரசீது, பழைய உரிமப் புத்தகம், டீலரின் பில் எதையும் பழைய தாள் என்று தூக்கிப் போடாதீர்கள். எண் அழிக்கப்பட்ட, அல்லது தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதற்கே 8-ஆம் பிரிவு தடை விதிக்கிறது.

வாங்குபவர் தன் பக்கத்தில் சரிபார்க்க வேண்டியவை சில. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உரிமத்தில், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத் தளத்தின் தனி அடையாள எண் இருக்க வேண்டும். வாங்க நினைக்கும் ரகம் அந்த உரிமத்தில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஷாட்கன் உரிமத்தை வைத்து ரிவால்வர் வாங்க முடியாது. விற்பவர் ஒரு மாவட்டம், வாங்குபவர் இன்னொரு மாவட்டம் என்றால் இரண்டு அதிகாரிகளும் இதில் வருவார்கள். எடுத்துச் செல்லும் பயணத்துக்கும் தாள் வேண்டும். வாங்கிய பின் உரிமத்தில் பதிவு செய்து, துப்பாக்கியைக் காட்டிச் சரிபார்க்க வைக்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்து வரும் பழைய தோட்டாக்களைச் 'சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கொடுப்பார்கள். தோட்டாவும் உரிமத்துக்கு உட்பட்டதே. உரிமத்தில் உள்ள ரகத்துக்கும் அளவுக்கும் மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது. வாங்குபவரின் தகுதியை உறுதி செய்துகொள்ளாமல் ஆயுதத்தைக் கொடுப்பவரையும் 29-ஆம் பிரிவு விடுவதில்லை. ஆகவே வாரிசும் வாங்குபவரின் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணம் எப்போது? அதிகாரியின் அனுமதி வந்த பிறகு. முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அனுமதி கிடைத்தால்தான் விற்பனை, கிடைக்காவிட்டால் பணம் முழுதும் திரும்ப என்று எழுதுங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இப்படிப்பட்ட நிபந்தனை ஒப்பந்தத்தை ஏற்கிறது. வெறுமனே விற்றேன், வாங்கினேன் என்று எழுதிக்கொண்டால் 23-ஆம் பிரிவின்படி சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தமாகிவிடும் அபாயம் இருக்கிறது. பிறகு பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும் முடியாமல் தவிக்க நேரிடும்.

மாணவர்கள் பலர் இணையத்தில் அமெரிக்கச் சட்டத்தைப் படித்துவிட்டு அதையே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், உயில் மூலமோ வாரிசுரிமை மூலமோ ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்து வாரிசுக்கு நேரடியாகத் துப்பாக்கி போவதற்கு விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அதே சொத்திலிருந்து விலை கொடுத்து வாங்கும் வேறு மாநிலத்தவருக்கு அந்த விலக்கு இல்லை. அவர் உரிமம் பெற்ற வணிகர் மூலமாகத்தான் பெற முடியும். இங்கிலாந்தில், அதே 1968-ஆம் ஆண்டில் வந்த அந்நாட்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, உயில் நிறைவேற்றுநர் போன்றோர் துப்பாக்கியைச் சிறிது காலம் வைத்திருந்து தீர்வு காண காவல்துறையே தற்காலிக அனுமதி கொடுக்கிறது. வாரிசையும் வாங்குபவரையும் தனித்தனியாகப் பார்க்கும் இந்த நுட்பம் பிற நாடுகளிலும் உண்டு. நம் நாட்டில் அது 21-ஆம் பிரிவுக்குள் சுருக்கமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

பழம்பொருள் என்ற பெயரில் வரும் துப்பாக்கிகள் பற்றியும் சொல்ல வேண்டும். 'நூறு வருஷத்துத் துப்பாக்கி சார், லைசென்ஸ் வேண்டாம்' என்று சொல்பவர்களை நம்பிவிடாதீர்கள். நம் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த மாதிரியோ தொன்மை மதிப்புள்ளதோ பழுதானதோ ஆன ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த இயலாததாக இருந்தால், அதற்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. வயது மட்டும் போதாது. சுட முடியாததாக இருக்க வேண்டும் என்றே நான் அதைப் படிக்கிறேன். கியூரியோ (அரும்பொருள்) வகைச் சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவையில்லை என்று 2020-இல் தெளிவுபடுத்தினார்கள். ஆனால் அதைப் பயன்படுத்தவோ, எடுத்துச் செல்லவோ, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகவோ உரிமம் வேண்டும். ஆகவே வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவரும் அந்தப் பயணத்திலேயே ஒருவர் தவறு செய்துவிடலாம். நூறு ஆண்டு கடந்த அரும்பொருளாக அது இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் எவரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது என்பதையும் வெளிநாட்டு வாரிசுக்குச் சொல்லிவிட வேண்டும்.

துப்பாக்கி தொங்கிய அதே சுவரில் காட்டெருமைத் தலையும் சிறுத்தைத் தோலும் இருக்கும். வாங்குபவர் ஆசைப்படுவார், விற்பவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தில் இருப்பார். அவை இந்த விற்பனையில் வரவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமைச் சான்று இருந்தாலும் அவற்றை விலைக்கு மாற்ற முடியாது. வாரிசுரிமை வழியாக மட்டுமே இறங்கும். சான்றே இல்லாவிட்டால் அது வேறு ஒரு குற்றம். துப்பாக்கிக்கு எல்லாத் தாளும் சரியாக வைத்திருந்தவர் ஒருவர் சுவரில் இருந்த தலைக்காக வனத்துறையிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இதுவரை இறந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னேன். இறப்பதற்கு முன் செய்யக்கூடியது இதைவிட எளிது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமதாரர் 70 வயது அடைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது, அவர் உயிரோடு இருக்கும்போதே தான் நியமிக்கும் வாரிசுக்கு உரிமம் கோர இடம் கொடுக்கின்றன. வாரிசுக்குத் தகுதி இருந்து, காவல்துறை அறிக்கையில் பாதகம் இல்லாவிட்டால் உரிமம் வழங்கலாம். உயிரோடு இருக்கும் உரிமதாரருக்கு 5-ஆம் பிரிவின் 45 நாள் வழியும் முழுமையாகத் திறந்திருக்கிறது. எண் தவறாக இருந்தால் திருத்தம் கேட்க அவரே போகலாம். எந்தத் துப்பாக்கி எங்கே வாங்கியது என்று சொல்ல அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்த அவையில் உள்ள இளம் வழக்கறிஞர்களிடம் நான் கேட்பது இதுதான். உயில் எழுத வரும் பெரியவரிடம் வீடு, நிலம், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்கிறீர்கள். 'ஐயா, துப்பாக்கி இருக்கிறதா?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். இருந்தால் உரிமப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, எண்ணைச் சரிபார்த்து, வாரிசு நியமன விண்ணப்பத்தை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உயிலில் ஒரு பத்தி சேர்த்து, துப்பாக்கி யாருக்கு, அவருக்கு உரிமம் கிடைக்காவிட்டால் எந்த வணிகரிடம் ஒப்படைத்து விற்க வேண்டும், பணம் யாருக்கு என்றும் எழுதிவிடுங்கள்.